ஒரு குத்துச்சண்டை வீரனும் இரு முடிவுகளும்

ஒரே ஆசிரியர் ஒரே கதையை இருமுறை எழுதி, இருமுறையும் வெவ்வேறான முடிவுகளைத் தருவாராயின், அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை ஆராய்வது பயனுடையதாகும். அமெரிக்க நாடகாசிரியர் ராட் செர்லிங் எழுதிய ‘ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்’ என்னும் படைப்பு இத்தகையது. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் அது ‘பிளேஹவுஸ் 90’ என்னும் தொடரில் தொலைக்காட்சி நாடகமாக நேரடியாக ஒளிபரப்பாயிற்று. 1962ஆம் ஆண்டில் அதுவே திரைப்படமாக வெளிவந்தது. இரண்டையும் இயக்கியவர் ரால்ஃப் நெல்சன். அடிபட்டு ஓய்ந்த ஒரு குத்துச்சண்டை வீரன் புதிய வாழ்வொன்றைத் தொடங்க முயலுவதே இரண்டின் பொருளுமாகும். ஆயினும் முதலாவதில் அவன் தப்பிச் செல்கிறான். இரண்டாவதில் தன்னைக் காட்டிக்கொடுத்த ஒருவனுக்காகத் தன்னையே ஒப்புக்கொடுக்கிறான்.

தன்னை ஒப்புக்கொடுத்தல் என்பது நமது பிரசங்கங்களில் மிகுதியாக வழங்கும் சொற்களுள் ஒன்று. எனவே இத்திரைப்படம் எழுப்பும் வினா நமக்குப் புறம்பானதன்று. ஒருவனுடைய தியாகத்தை நாம் எப்போது போற்றலாம்? எப்போது அது சுரண்டலுக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடையாகிறது? இவ்வினாவை மனத்திற்கொண்டு இப்படைப்பை நோக்குவோம்.

1. பெயரும் ஆசிரியரும்

‘ரெக்வியம்’ என்பது இலத்தீன் சொல். மேற்கத்தியத் திருச்சபையில் மரித்தோருக்காக நிறைவேற்றப்படும் வழிபாட்டின் தொடக்க மன்றாட்டில் முதலாவதாக வரும் சொல் அது. ‘இளைப்பாறுதலை’ என்பது அதன் பொருள். நாளடைவில் அவ்வழிபாடு முழுவதற்கும் அதுவே பெயராயிற்று. ‘ஹெவிவெயிட்’ என்பது குத்துச்சண்டையில் மிகுந்த எடையுடையோர் போட்டியிடும் பிரிவு. ஆக, ‘பேரெடை வீரன் ஒருவனுக்கான இரங்கல் வழிபாடு’ எனப் பெயரைத் தமிழில் விளக்கலாம். கதையின் நாயகன் கதை முடிவிலும் உயிரோடிருக்கிறான் என்பது கவனத்திற்குரியது. உயிரோடிருக்கும் ஒருவனுக்கு இரங்கல் வழிபாடு ஏன் என்பதைப் பெயரே நம்மிடம் வினவுகின்றது.

செர்லிங் 1924ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் வான்குடைப் படைவீரராகப் பிலிப்பைன்ஸ் தீவுகளில் போரிட்டவர். படைப்பயிற்சிக் காலத்தில் தாமே குத்துச்சண்டை மேடையில் ஏறியவர். ஆகவே அடி வாங்கும் உடலைப் பற்றி அவர் எழுதியவை வெறும் கற்பனையிலிருந்து எழுந்தவையல்ல. தொலைக்காட்சி நாடகத்திற்காக அவருக்கும், இயக்குநர் நெல்சனுக்கும், நாயகனாக நடித்த ஜாக் பாலன்ஸுக்கும் எம்மி விருதுகள் கிடைத்தன. 1957இல் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் இதே நாடகத்தை மீண்டும் தயாரித்தபோது, அப்போது பெரிதும் அறியப்படாத ஷான் கானரி அவ்வேடத்தை ஏற்றார்.

2. திரைப்படத்தின் கதை

திரைப்படத்தில் நாயகனின் பெயர் லூயிஸ் ரிவேரா. ‘மவுண்டன்’, அதாவது மலை, என்பது அவனுக்கு வழங்கும் பட்டப்பெயர். மெக்சிகோவில் பிறந்த நடிகர் ஆந்தணி குவின் அவ்வேடத்தை ஏற்றுள்ளார். பதினேழு ஆண்டுகள் மேடையில் நின்றவன் ரிவேரா. 1952இல் தன் பிரிவின் வீரர் வரிசையில் ஐந்தாம் இடத்தில் இருந்தவன். பணத்திற்காக ஒரு போட்டியிலேனும் வேண்டுமென்றே விழாதவன். இந்த ஒன்றே அவனுடைய பெருமை. வேறு உடைமை எதுவும் அவனுக்கில்லை.

படம் அவனுடைய இறுதிப் போட்டியுடன் தொடங்குகின்றது. எதிராளி கேஷியஸ் கிளே என்னும் இளம் வீரர். பின்னாளில் முகம்மது அலி என உலகம் அறிந்தவர் இப்படத்தில் தம் பெயரிலேயே தோன்றுகிறார். மதுக்கடையொன்றில் அமர்ந்து தொலைக்காட்சியில் போட்டியைக் காண்போரின் முகங்களை முதலில் காண்கிறோம். அதன்பின் ரிவேராவின் கண்கள் வழியாகவே மேடையைக் காண்கிறோம். அடிகள் நம்மை நோக்கியே வருகின்றன. ஏழாம் சுற்றில் ரிவேரா விழுகிறான். அவனைச் சோதித்த மருத்துவர், மேலும் அடிபட்டால் பார்வையே போய்விடும் எனக் கூறி, இனி அவன் மேடையேறலாகாதென்கிறார்.

அவனுடைய மேலாளர் மேய்ஷ் ரென்னிக். இவ்வேடத்தில் நடித்தவர் ஜாக்கி கிளீசன். ரிவேரா நான்காம் சுற்றுக்குள் வீழ்வான் என்று ஒரு சூதாட்டக் கூட்டத்தாருக்கு மேய்ஷ் இரகசியமாக உறுதி கூறியிருந்தான். ரிவேராவோ தன் வழக்கப்படி விழ மறுத்து ஏழு சுற்றுகள் நின்றான். அவனுடைய நேர்மையே மேய்ஷைக் கடனாளியாக்கிற்று. பணத்தைத் திருப்பித் தராவிடில் உயிருக்கே கேடு என்னும் நிலையில் மேய்ஷ் நிற்கிறான்.

இதையறியாத ரிவேரா வேலைவாய்ப்பு அலுவலகத்திற்குச் செல்கிறான். அங்குள்ள கிரேஸ் மில்லர் என்னும் பெண், படிவத்தின் வெற்றிடங்களுக்கு அப்பால் அவனை ஒரு மனிதனாகக் காண்கிறாள். சிறுவர்களுக்கான கோடைகால முகாமொன்றில் விளையாட்டுப் பயிற்சி அளிக்கும் வேலைக்கு அவனைப் பரிந்துரைக்கிறாள். ஆனால் நேர்காணல் நாளன்று மேய்ஷ் அவனுக்கு மது அருந்தக் கொடுத்து அவ்வாய்ப்பைக் கெடுத்துவிடுகிறான். மேய்ஷின் திட்டம் வேறு. முடிவு முன்னரே தீர்மானிக்கப்படும் கேளிக்கை மல்யுத்தத்தில், இறகுக் கிரீடம் அணிந்த செவ்விந்தியத் தலைவனாக ரிவேராவை நிறுத்திப் பணமீட்டுவதே அது. ரிவேராவின் காயங்களுக்கு மருந்திடும் ஆர்மி என்னும் தோழன், மிக்கி ரூனி ஏற்ற பாத்திரம், இதனை எதிர்க்கிறான், பயனில்லை.

இறுதியில் மேய்ஷ் தனக்கெதிராகப் பந்தயம் கட்டினான் என்பதை ரிவேரா அறிகிறான். அந்த வேடத்தை அணிய மறுத்து வெளியேற முற்படுகிறான். அவ்வேளையில் கடன் கொடுத்தோர் மேய்ஷைத் தண்டிக்க வந்து நிற்கின்றனர். ரிவேரா திரும்புகிறான். இறகுகளை அணிகிறான், மேடையேறிக் கூச்சலிட்டு ஆடுகிறான். கூட்டம் சிரிக்கின்றது. படம் அத்துடன் முடிகின்றது.

3. அக்காலக் குத்துச்சண்டை உலகம்

இக்கதை மிகைப்படுத்தப்பட்டதோ என ஐயுறுவோர் அக்கால நிகழ்ச்சிகளை நோக்குதல் நன்று. 1937 முதல் 1949 வரை பேரெடைப் பிரிவில் உலகப் பட்டத்தை வகித்த ஜோ லூயிஸ், வரிக்கடனில் மூழ்கி, 1956இல் கேளிக்கை மல்யுத்த மேடையில் ஏறினார். செர்லிங்கின் நாடகம் ஒளிபரப்பானதும் அதே ஆண்டிலேயே. முன்னாள் உலகப் பட்டதாரியான இத்தாலிய வீரர் பிரீமோ கார்னேராவும் 1940களில் மல்யுத்தத்திற்குச் சென்றவரே. உலகப் பட்டம் பெற்றோர்க்கே இந்நிலையாயின் ஐந்தாம் இடத்தில் இருந்தவனின் நிலையை நாம் ஊகிக்கலாம்.

சூதாட்டக் கூட்டத்தாரின் ஆதிக்கமும் கற்பனையன்று. குத்துச்சண்டையும் முற்றுரிமைத் தடைச் சட்டத்திற்கு உட்பட்ட வணிகமே என அமெரிக்க உச்சநீதிமன்றம் 1955இல் தீர்ப்பளித்தது. 1960இல் செனட்டர் எஸ்டெஸ் கீஃபாவர் தலைமையிலான துணைக்குழு இத்தொழிலை விசாரித்தது. 1947இல் பில்லி ஃபாக்ஸ் என்பவரோடு நடந்த போட்டியில் தாம் வேண்டுமென்றே தோற்றதாக முன்னாள் பட்டதாரி ஜேக் லமோட்டா அக்குழுவின்முன் ஒப்புக்கொண்டார். திரைக்குப் பின்னிருந்து வீரர்களை ஆட்டிவைத்த ஃபிராங்கி கார்போ 1961இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

உடலுக்கு நேரும் கேட்டையும் மருத்துவர் முன்னரே அறிந்திருந்தனர். 1928இல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர், தலையில் தொடர்ந்து அடி வாங்கிய வீரர்கள் நடையிலும் பேச்சிலும் அறிவிலும் தளர்ச்சியுறுவதை விவரித்தார். 1973இல் இங்கிலாந்தில் கோர்செலிஸும் அவருடைய குழுவினரும் மரித்த 15 குத்துச்சண்டை வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து, இக்கேடு மூளையிலேயே தடம் பதித்திருப்பதை எடுத்துக்காட்டினர். திரைப்படம் வெளிவந்த 1962ஆம் ஆண்டிலேயே, மார்ச் 24ஆம் நாள், நியூயார்க்கில் எமில் கிரிஃபித் என்பவரோடு பொருதிய கியூப வீரர் பென்னி பாரட் நினைவிழந்து, ஏப்ரல் 3ஆம் நாள் மரித்தார். அப்போட்டியை மக்கள் தம் இல்லங்களிலிருந்தே தொலைக்காட்சியில் கண்டுகொண்டிருந்தனர். படத்தின் தொடக்கத்தில் ரிவேராவை வீழ்த்தும் முகம்மது அலியோ 1984இல் பார்க்கின்சன் நோய்க்குறிகள் உடையவர் என அறியப்பட்டு, நெடுங்காலம் அந்நோயோடு வாழ்ந்து, 2016இல் மறைந்தார்.

4. பவுலின் உவமையும் ரிவேராவின் கண்ணும்

குத்துச்சண்டை திருமறைக்கு அயலான பொருளன்று. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 9ஆம் அதிகாரத்தின் இறுதியில், பவுல் ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் அடுத்தடுத்துக் குறிப்பிடுகிறார். கொரிந்துக்கு அருகில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடைபெற்ற இஸ்த்மியப் போட்டிகளை அந்நகரத்தார் நன்கு அறிவர். கிரேக்கக் குத்துச்சண்டையில் சுற்றுகளுமில்லை, எடைப் பிரிவுகளுமில்லை. கைகளில் தோல்வார்களைச் சுற்றிக்கொண்டு, ஒருவர் தோல்வியை ஒப்புக்கொள்ளும்வரை பொருதினர். 26ஆம் வசனத்தில் நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனைச் ‘சிலம்பம்’ என்னும் சொல்லால் தருகின்றது. மூலத்தில் உள்ளது கையால் குத்திப் போரிடுதலைக் குறிக்கும் சொல்லாகும்.

27ஆம் வசனத்தில் பவுல் தம் சரீரத்தை ஒடுக்குவதைப் பற்றிக் கூறுமிடத்தில் ‘ஹுபோபியாசோ’ என்னும் கிரேக்க வினைச்சொல்லை ஆளுகிறார். கண்ணுக்குக் கீழே அடித்துக் கன்றச் செய்தல் என்பது அதன் நேர்ப்பொருள். புதிய ஏற்பாட்டில் இச்சொல் இன்னும் ஓரிடத்தில் மட்டுமே வருகின்றது. அது லூக்கா 18ஆம் அதிகாரத்தில், அநீதியுள்ள நியாயாதிபதி அவ்விதவையைப் பற்றித் தனக்குள் பேசிக்கொள்ளும் இடமாகும். ‘அலட்டுதல்’ என நாம் வாசிப்பது இச்சொல்லையே.

இவ்விரு இடங்களையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். பவுல் அடிப்பது தம்முடைய சரீரத்தை. அதுவும் தாமே தெரிந்துகொண்ட நோக்கத்திற்காக. லூக்காவில் வலியவன் ஏழையிடமிருந்து அடியை எதிர்பார்த்து அஞ்சுகிறான். வலியவன் தன் இலாபத்திற்காக எளியவனின் கண்ணைக் கன்றச் செய்வதை இவ்விரு பகுதிகளும் நியாயப்படுத்தவில்லை. ரிவேராவின் கண் கன்றியது அவனுடைய ஒழுக்கப் பயிற்சியால் மட்டுமன்று. அவன் வாங்கிய ஒவ்வோர் அடியிலும் மேய்ஷுக்கு ஒரு பங்கு இருந்தது. சரீரத்தை ஒடுக்குதல் என்னும் பவுலின் சொல்லைப் பிறருடைய சரீரத்தை ஒடுக்குவோரின் வாயில் நாம் வைத்தலாகாது.

5. புதிய தொடக்கத்திற்கு வேண்டுவன

‘புதுச் சிருஷ்டி’ என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் தனிமனிதனின் உள்ளத்தைக் குறித்தே பயன்படுத்துகிறோம். உள்ளம் மாறினால் வாழ்வு மாறும் என்கிறோம். ரிவேராவின் கதை இதனை மேலும் ஆழமாகச் சிந்திக்கத் தூண்டுகின்றது. அவனுடைய உள்ளத்தில் குறையொன்றுமில்லை. அவன் உழைக்க விரும்புகிறான், கற்க விரும்புகிறான், பொய் சொல்ல மறுக்கிறான். எனினும் அவனால் தொடங்க முடியவில்லை. ஏன்?

முதலாவது, அவனுக்கு வேலை வேண்டும். பதினேழு ஆண்டுகள் ஒரே திறமையை மட்டும் அவனிடம் வளர்த்த தொழில், அத்திறமை தேய்ந்தபின் அவனைக் கைவிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகக் காட்சியில் அவன் கூச்சத்தோடு அமர்ந்திருக்கும்போது, தன் வாழ்நாள் ஒரு படிவத்தில் எழுதத்தகாததாய்ப் போயிற்றென்று அவன் உணருவதை நாம் காண்கிறோம்.

இரண்டாவது, அவனைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர் வேண்டும். கிரேஸ் என்பது கிருபை எனப் பொருள்படும் பெயர். பெயரொன்றைக் கொண்டே இறையியல் கட்டுதல் தகாது. எனினும் அவள் செய்வதை நோக்கலாம். அவன் சிறுவரிடத்துக் காட்டக்கூடிய மென்மையை அவள் கண்டறிகிறாள். அவனுடைய பழைய திறமையைத் தள்ளிவிடாமல் அதற்கே புதியதொரு பயனைக் காட்டுகிறாள். பிறரை வீழ்த்தக் கற்ற கைகள் சிறுவரை நிமிர்த்தக் கற்கலாம் என்பது அவளுடைய நம்பிக்கை. பழையதை அழித்துவிட்டு வெறுந்தரையில் தொடங்குதலை அவள் கேட்கவில்லை. அவள் கேட்பது பழையதின் மீட்பு.

மூன்றாவது, அவனைக் கட்டிவைத்திருப்போர் அவனை விட்டுவிட வேண்டும். இங்கேதான் கதை இடறுகின்றது. ரிவேரா விடுதலையடைந்தால் மேய்ஷ் அழிவான். ஒருவனுடைய புதிய வாழ்வு மற்றொருவனுடைய வருமானத்தைக் குறைக்குமாயின், அப்புதிய வாழ்வுக்குத் தடைகள் எழும். பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லும் பெண் விடுதலையடைந்தபோது அவளுடைய எஜமான்கள் பவுலையும் சீலாவையும் பிடித்து இழுத்துச் சென்றதை அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆகவே ஒருவனுக்கு மனந்திரும்புதலைப் போதிக்கும்போது, அவனைச் சுற்றி நிற்கும் மேய்ஷ்களுக்கும் நாம் மனந்திரும்புதலைப் போதிக்கிறோமா என ஆராய வேண்டும்.

6. இரு முடிவுகள்

1956ஆம் ஆண்டின் நாடகத்தில் நாயகன் பெயர் மவுண்டன் மெக்ளின்டாக். உண்மையை அறிந்தபின் அவன் கேளிக்கை மல்யுத்தத்தை விட்டு விலகுகிறான். டென்னசி மாநிலத்திலுள்ள தன் ஊருக்கு இரயிலேறுகிறான். பயணத்தில் ஒரு சிறுவன் அவனோடு பேசத் தொடங்க, அவன் அச்சிறுவனுக்குக் கைகளை எவ்வாறு உயர்த்தி நிற்பது எனக் கற்பிக்கலானான். அங்கே நாடகம் முடிகின்றது. அவனுக்கு வேலை கிடைத்ததா என நாம் அறியோம். ஆயினும் ஒரு குழந்தையின் முன்னிலையில் அவனுடைய கைகள் புதிய பயனை அடைந்துவிட்டன.

1962ஆம் ஆண்டின் திரைப்படத்தில் இந்த இரயில் இல்லை. மேய்ஷின் உயிரைக் காக்க ரிவேரா தன் மானத்தைக் கொடுக்கிறான். பதினேழு ஆண்டுகளில் பணத்திற்காக ஒருமுறையும் பொய்யாக விழாதவன், இப்போது பொய்யே தொழிலாகவுள்ள மேடையில் ஏறுகிறான். இக்காட்சியில் மற்றுமொரு கொடுமையும் மறைந்துள்ளது. அவனுக்கு அணிவிக்கப்படும் இறகுகளும் அவன் எழுப்பும் கூச்சலும் அமெரிக்கத் தொல்குடி மக்களை இழிவுபடுத்தும் கேலிச் சித்திரமாகும். ஒரு மனிதனை அவமதிக்க ஓர் இனத்தையே அவமதிக்கும் வேடம் கருவியாகின்றது.

இதற்குச் சற்று முன்னர், 1961இல், இதே ஆந்தணி குவின் ‘பரபாஸ்’ என்னும் படத்தில் அப்பெயருடையோனாக நடித்திருந்தார். தன் இடத்தில் மற்றொருவர் மரிக்கத் தான் விடுதலையாகித் திகைப்பவன் பரபாஸ். அடுத்த படத்தில் அவரே மற்றொருவனின் இடத்தில் தன்னைக் கொடுப்பவனாகத் தோன்றுகிறார். நடிகரின் வாழ்வில் இது தற்செயலான ஒற்றுமையே. எனினும் இரு படங்களையும் அடுத்தடுத்துக் காண்போர்க்கு நல்லதொரு வினா எழும். பரபாஸ் தன் இடத்தில் மரித்தவரைத் தேடி அலைகிறான். மேய்ஷ் தேடுவானா? திரைப்படம் விடை கூறாது விடுகின்றது.

7. தியாகத்தை ஆராய்தல்

ரிவேராவின் செயலைக் கண்டவுடன் சிலுவையின் சாயல் எனக் கூறிவிடப் போதகர் பலருக்கும் விருப்பம் எழும். நண்பனுக்காகத் தன்னைக் கொடுத்தான், நிந்தையின் வேடத்தைத் தரித்தான், கூட்டத்தார் பரிகசித்தனர். ஒப்புமைகள் பல உண்டு. ஆயினும் மூன்று வினாக்களைக் கேட்டபின்னரே நாம் அவ்வாறு கூறலாம்.

முதல் வினா: அவன் உரிமையோடு கொடுத்தானா? யோவான் 10ஆம் அதிகாரத்தில் நல்ல மேய்ப்பர் தம் ஜீவனை ஒருவரும் தம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, தாமே அதைக் கொடுப்பதாக உரைக்கிறார். கொடுக்கவும் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அதிகாரமுடையவரின் ஈகை அது. ரிவேராவுக்கு வேறு வழிகள் இருந்தனவா? வேலை வாய்ப்பு களவாடப்பட்டது. பணமில்லை. எதிரே அடியாட்கள் நிற்கின்றனர். இந்நெருக்கடிக்குள்ளும் அவனிடம் ஒரு துளி உரிமை எஞ்சியிருந்தது. அவன் கதவைக் கடந்து போயிருக்கலாம். அத்துளியை அவன் அன்புக்காகச் செலவிட்டான். அதனை நாம் மறுத்தலாகாது. ஆனால் அவனுடைய உரிமையைத் துளியாகச் சுருக்கியவர்களையும் மறத்தலாகாது.

இரண்டாம் வினா: அத்தியாகம் யாரை விடுவித்தது? மேய்ஷின் உயிர் தப்பியது. மேய்ஷின் வஞ்சகமோ பலனளித்தது. ரிவேரா இனி ஒவ்வோர் இரவும் அதே வேடத்தை அணிய நேரிடலாம். சிலுவை ஒருதரம் நிறைவேறியது என எபிரெயர் நிருபம் வற்புறுத்துகின்றது. முடிவின்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் பலி, கேட்பவனின் பசியை மட்டுமே வெளிப்படுத்தும்.

மூன்றாம் வினா: தியாகம் என்னும் சொல்லைச் சொல்பவர் யார்? இதுவே முதன்மையான வினா என நாம் கருதுகிறோம். 1960ஆம் ஆண்டில் வாலரி செய்விங் என்னும் அமெரிக்க இறையியலாளர், தன்னை மறுத்தலே எல்லாருக்கும் பொதுவான மருந்து என்னும் கருத்தை எதிர்த்து ஒரு கட்டுரை எழுதினார். அகந்தையே அடிப்படைப் பாவம் எனவும் தன்னலமற்ற அன்பே அதற்கு மாற்று எனவும் கூறும் இறையியல், அதிகாரமுடைய ஆண்களின் அனுபவத்திலிருந்து எழுந்தது என்று அவர் சுட்டினார். பிறருக்காகவே வாழ்ந்து தமக்கெனத் தன்மையே இல்லாமற்போன பெண்களுக்கு, இன்னும் உன்னை மறு எனப் போதிப்பது அவர்களுடைய நோயை வளர்ப்பதாகும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். செய்விங் பெண்களைக் குறித்து எழுதியது ரிவேராவுக்கும் பொருந்தும். அவன் தன்னை மேய்ஷின் உடைமையாகவே எண்ணப் பழகியவன்.

இதிலிருந்து நாம் ஒரு விதியைப் பெறலாம். தியாகம் என்னும் சொல்லைக் கொடுப்பவன் சொல்லலாம். அதனால் பயன்பெறுபவன் கேட்கலாகாது. ரிவேரா, ‘என் நண்பனுக்காகச் செய்கிறேன்’ என்றால் அது அன்பு. மேய்ஷ், ‘நீ எனக்காகச் செய்யவேண்டும்’ என்றால் அது கொள்ளை. செயல் ஒன்றாயினும் அதைச் சொல்லும் வாயைப் பொறுத்து அதன் தன்மை மாறுகின்றது. ஆகவே ரிவேராவை நாம் போற்றுவோம்; அதே மூச்சில் மேய்ஷைக் கண்டிப்போம். ஒன்றைச் செய்து மற்றொன்றை விடுவோமாயின் நமது போதனை மேய்ஷுக்கே துணைபோகும்.

8. பார்ப்போரின் பங்கு

அகஸ்தீன் தம் ‘அறிக்கைகள்’ ஆறாம் புத்தகத்தில் தம் நண்பர் அலிப்பியு என்பவரைப் பற்றிக் கூறும் நிகழ்ச்சி நம்முள் பலர் அறிந்ததே. வாட்போர் விளையாட்டுகளை வெறுத்த அலிப்பியுவை உரோமாபுரியில் தோழர்கள் வற்புறுத்தி அரங்கிற்கு இழுத்துச் சென்றனர். கண்களை மூடிக்கொண்டே அமர்ந்திருந்தார். ஆனால் கூட்டத்தின் பேரொலி செவியில் விழவே கண்களைத் திறந்தார். அதன்பின் மூட இயலவில்லை. வந்தபோது இருந்த மனிதராக அவர் திரும்பவில்லை.

இத்திரைப்படம் தொடக்கத்தில் நம்மை வீரனின் கண்களுக்குள் வைக்கின்றது. முடிவில் அவனை வெளியே நின்று காண வைக்கின்றது. தொடக்கத்தில் நாம் அடி வாங்கினோம். முடிவில் சிரிக்கும் கூட்டத்தாருடன் நாமும் அரங்கில் அமர்ந்திருக்கிறோம். மேய்ஷும் சூதாடிகளும் மட்டுமே குற்றவாளிகள் எனக் கூறி நாம் எழுந்து செல்ல இயலாது. நுழைவுச்சீட்டு வாங்குவோர் இல்லையேல் மேய்ஷின் வணிகம் நடவாது.

9. நமது ஊழியத்திற்கு

சபையில் நாம் சந்திக்கும் பலர் தம் வாழ்வைப் புதிதாகத் தொடங்க விரும்புகின்றனர். சிறையிலிருந்து மீண்டவர், குடியை விட்டவர், ஆலை மூடப்பட்டு வேலையிழந்தவர், கணவனின் கொடுமையிலிருந்து வெளியேறிய பெண் ஆகியோர் நம்மிடம் வருகின்றனர். இவர்களுக்கு நாம் கூறும் முதற்சொல் எது? பொறுமையாயிரு, சிலுவையைச் சும, மன்னித்துவிடு என்பவையே நம் நாவில் விரைந்து எழும் சொற்கள். இவை திருமறையின் சொற்களே. ஆயினும் இவற்றை யாரிடம், எப்போது, யாருடைய நன்மைக்காகக் கூறுகிறோம் என நாம் ஆராயாவிடில், நேர்காணலுக்குப் புறப்பட்டவனுக்கு மதுக்கிண்ணம் நீட்டிய மேய்ஷின் வேலையை நாமே செய்தவர்களாவோம்.

அவ்வகையில் 1956ஆம் ஆண்டின் முடிவையும் 1962ஆம் ஆண்டின் முடிவையும் நாம் சேர்த்தே கற்க வேண்டும். பின்னது மட்டும் இருந்தால் விட்டு விலகுவோரைக் கோழைகள் என்போம். முன்னது மட்டும் இருந்தால் அன்புக்காக இழப்பைத் தெரிந்துகொள்வோரை அறிவிலிகள் என்போம். ஆபிரகாமின் வீட்டினின்று துரத்தப்பட்டு வனாந்தரத்தில் நின்ற ஆகாருக்குத் தேவன் நீரூற்றைக் காட்டினார். சிலுவையில் தொங்கியவரோ இறங்கிவரும்படி பரிகசித்தோர் கூறியும் இறங்கவில்லை. இவ்விருவரின் வரலாறும் நமது வேதத்தில் உண்டு. நம்மிடம் வருபவர் இவ்விருவருள் யாருடைய வழியில் அழைக்கப்படுகிறார் என்பதை அவருக்காக நாம் முடிவு செய்ய இயலாது. இரு வழிகளும் அவர்முன் உண்மையாகவே திறந்திருக்கும்படி செய்வது நம்மால் இயலும்.

இதற்குப் பிரசங்கம் மட்டும் போதாது. வேலை தேடுபவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுதல், கடன் கொடுத்தவரிடம் உடன் சென்று பேசுதல், இரவு தங்க ஓரிடம் அளித்தல், ஊருக்குச் செல்ல இரயில் கட்டணம் தருதல் ஆகியனவும் போதகரின் வேலையே. கிரேஸ் மில்லர் செய்தது ஓர் அலுவலகப் பணிதான். அவளிடம் மேசையும் படிவமும் தொலைபேசியும் இருந்தன. அவற்றைக் கொண்டே ஒரு மனிதனுக்கு ஒரு கதவைத் திறக்க முயன்றாள். நமது சபை அலுவலகங்களிலும் மேசையும் படிவமும் தொலைபேசியும் உள்ளன.